தொம்மலூர் மேஜையில் மூழ்கிய சோழர் கப்பல்கள்

(நமது நிருபர்)

தொம்மலூர் சொக்கநாதசாமி கோவிலுக்குக் கூப்பிடு தூரத்தில் ஒரு வீடு. அந்த வீட்டு மாடியில் ஒன்பது வாரமாகக் கடற்போர் நடந்து வருகிறது என்று சொன்னால் நம்புவீர்களா?

நம்பித்தான் ஆகவேண்டும். நான் கண்ணால் கண்டேன்.

கடல் என்பது சாப்பாட்டு மேஜை மீது விரித்த ஒரு பழைய நீலச் சேலை. கப்பல்கள் எல்லாம் தீப்பெட்டி அட்டையில் வெட்டி ஒட்டியவை. பாய்மரத்துக்கு ஈர்க்குச்சி. தீவுகளுக்குக் கவிழ்த்து வைத்த கொட்டாங்கச்சி. மேஜையின் ஒரு பக்கம் ராஜேந்திர சோழனின் படை. மறுபக்கம் கடாரத்தை ஆண்ட ஸ்ரீவிஜய மன்னன் சங்கிராம விஜயோத்துங்க வர்மனின் படை.

நான் போன ஞாயிற்றுக்கிழமை சோழர் தோற்றார்கள். அதனால் அந்த வீட்டில் ஒரு சிறு கலகமே உண்டாகிவிட்டது. அந்தக் கலகத்தில் ஒரு நல்ல பாடம் இருந்தது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

சீட்டு குலுக்கிய ராஜேந்திரன்

ஆடுகிறவர்கள் ஐந்து பேர். மூன்று வாலிபர்கள், இரண்டு பெண்கள். எல்லோரும் இருபதைத் தாண்டியவர்கள். மூவர் வேலை பார்க்கிறார்கள். இருவர் படிக்கிறார்கள். சரித்திரம் படிக்கும் ஒரு பெண்தான் நடுவர்.

2025-ம் ஆண்டு ஜூலையில் கங்கைகொண்ட சோழபுரத்தில், ராஜேந்திர சோழனின் கடல் படையெடுப்புக்கு ஆயிரம் ஆண்டு நிறைந்ததை ஒட்டி விழா நடந்தது அல்லவா? அந்தச் செய்திகளைப் பார்த்த பிறகுதான் இவர்களுக்கு இந்த ஆசை பிறந்திருக்கிறது.

"யார் சோழன்?" என்று கேட்டேன்.

ஒரு வாலிபர் கை தூக்கினார். "நான்தான் சார். எங்க வீட்டில் கன்னடம். சீட்டு குலுக்கிப் போட்டோம். எனக்கு ராஜேந்திரன் வந்தான்."

வீட்டுக்காரப் பையன் தமிழர். அவருக்கு விழுந்தது ஸ்ரீவிஜயம். "முதல் வாரம் அழாத குறைதான் சார்" என்று சிரித்தார். "கல்கியும் சாண்டில்யனும் படிச்சு வளர்ந்த வீடு. 'கடல் புறா' மூணு பாகமும் தாத்தா பெட்டியில் இருக்கு. நான் போய் சோழனை எதிர்க்கிறதா?"

மேஜைப் போரின் வமிசம்

பொம்மை வைத்துப் போர் ஆடுவது குழந்தை விளையாட்டு என்று நினைத்துவிடக் கூடாது. சதுரங்கம் நம் நாட்டில் பிறந்தது. யானை, குதிரை, தேர், காலாள் என்ற நாலு வகைப் படைதான் அதன் காய்கள். வங்காளத்தில் தேருக்குப் பதிலாகப் படகை வைத்தே ஆடியிருக்கிறார்கள்.

ஐரோப்பாவில் இது வேறு விதமாக வளர்ந்தது. 1824-ம் ஆண்டில் பிரஷ்ய ராணுவத்தில் ரைஸ்விட்ஸ் என்ற இளம் அதிகாரி, வரைபடத்தின் மேல் சிறு கட்டைகளை நகர்த்திப் போர் பழகும் விதிகளை வகுத்தார். குண்டு பட்டதா, தப்பியதா என்பதைப் பகடை சொல்லும். எது நடந்தது என்பதை நடுவர் சொல்வார். 1898-ல் இங்கிலாந்தில் பிரெட் ஜேன் என்பவர் கப்பல்களுக்கு என்றே ஒரு மேஜைப் போரை உண்டாக்கினார். 1913-ல் கதாசிரியர் எச்.ஜி. வெல்ஸ், வீட்டுத் தரையில் பொம்மைச் சிப்பாய்களைக் கொண்டு ஆடும் முறையைப் புத்தகமாகவே எழுதினார்.

தொம்மலூர் வாலிபர்கள் இவற்றை எல்லாம் படித்துவிட்டுத் தங்களுக்கு என்று சில விதிகளை எழுதிக் கொண்டிருக்கிறார்கள். இரு தரப்பும் தங்கள் கட்டளையைச் சீட்டில் எழுதி மடித்து நடுவரிடம் கொடுக்க வேண்டும். எதிராளி என்ன எழுதினான் என்று தெரியாது. நடுவர் இரண்டையும் ஒரே நேரத்தில் பிரிப்பார். கப்பல் எவ்வளவு தூரம் போகும் என்பதை அடி ஸ்கேலால் அளப்பார்கள். காற்று எப்படி வீசும் என்பதைப் பகடை சொல்லும். ஒரு ஞாயிறு என்பது கடலில் பத்து நாள்.

காப்பி கொண்டு வந்த அந்த வீட்டு அம்மாள், "எல்லாம் நம்ம தாயக்கட்டத்துக்குப் பேரப்பிள்ளைதான்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கல் சொல்வதும் சொல்லாததும்

இந்தப் போர் கற்பனைப் போர். இதை அவர்களே முதலில் ஒப்புக்கொள்கிறார்கள்.

"ஏனம்மா கற்பனை? ராஜேந்திரன் கடாரம் கொண்டது உண்மைதானே?" என்று நடுவர் பெண்ணிடம் கேட்டேன்.

"படையெடுப்பு உண்மை சார். கடலில் கப்பலும் கப்பலும் மோதின காட்சிதான் எங்கள் கற்பனை" என்றார் அவர்.

விஷயம் இதுதான். 1025-ம் ஆண்டில் இந்தப் படையெடுப்பு நடந்ததாகச் சரித்திர ஆசிரியர்கள் கணிக்கிறார்கள். தஞ்சைப் பெரிய கோவிலில் உள்ள 1030-ம் ஆண்டுக் கல்வெட்டு, கொண்ட ஊர்களை வரிசையாகச் சொல்கிறது. சுமத்ராவில் ஸ்ரீவிஜயம், பண்ணை, மலையூர். மலாய்த் தீபகற்பத்தில் இலங்காசோகம், மாதமாலிங்கம். சுமத்ராவின் வட கோடியில் இலாமுரி தேசம். நக்கவாரம் என்ற நிக்கோபார்த் தீவுகள். கடைசியில் கடாரம், அது இன்றைய மலேசியாவின் கெடா மாநிலம்.

கடலில் பல கப்பல்களைச் செலுத்தியதையும், மன்னனை யானைகளோடு பிடித்ததையும், பொருட்குவியலையும் அலங்காரத் தோரண வாயிலையும் கைக்கொண்டதையும் கல் சொல்கிறது. ஆனால் எத்தனை கப்பல்? எந்த மாதம் புறப்பட்டார்கள்? நடுக்கடலில் சண்டை நடந்ததா, அல்லது துறைமுகத்தில் இறங்கித்தான் சண்டை போட்டார்களா? கல்லில் அதற்கெல்லாம் விடை இல்லை. சோழர் போர்க்கப்பல் ஒன்றின் மிச்சம் கூட இதுவரை அகழ்ந்து எடுக்கப்படவில்லை.

ஆகவே தீப்பெட்டிக் கப்பலுக்கு உருவம் கொடுக்க இவர்கள் அக்கம் பக்கம் தேடியிருக்கிறார்கள். பம்பாய் போரிவலி பக்கத்தில் ஏக்சர் என்ற இடத்தில் இடைக்கால வீரக்கற்கள் இருக்கின்றன. துடுப்பு வரிசைகளோடு போர்க்கப்பல்கள் மோதும் காட்சி அவற்றில் செதுக்கப்பட்டிருக்கிறது. சோழர் கப்பலுக்கு அதுதான் மாதிரி. ஸ்ரீவிஜயத்துக்கு ஜாவாவின் போரோபுதூர் கோவில் சிற்பம். அதில் கப்பலின் இரு பக்கமும் மிதவைக் கட்டைகள் கட்டியிருக்கும். அந்தச் சிற்பத்தைப் பார்த்துக் கட்டிய ஒரு கப்பல் 2003-ல் ஜகார்த்தாவில் புறப்பட்டு, 2004-ல் ஆப்பிரிக்காவின் கானா நாட்டைப் போய்ச் சேர்ந்தது.

"சோழருக்கு 24 கப்பல், எங்களுக்கு 16. இந்த எண்ணிக்கை நாங்களே வைத்துக்கொண்டது. யாராவது இதைச் சரித்திரம் என்று எழுதிவிடப் போகிறார்கள் சார்" என்று ஸ்ரீவிஜய வாலிபர் என்னை எச்சரித்தார்.

480 குடம் தண்ணீர்

மேஜையின் ஓரத்தில் ஒரு நோட்டுப் புத்தகம். அதைப் புரட்டியபோதுதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. முழுக்கத் தண்ணீர்க் கணக்கு!

நாகப்பட்டினத்திலிருந்து கடாரம் நேர்கோட்டில் 2,300 கிலோமீட்டர் அளவு. கப்பல் நாளைக்கு 130 கிலோமீட்டர் போகும் என்று வைத்துக் கொண்டால் 18 நாள். ஒரு கப்பலில் 100 பேர். ஆளுக்கு நாள் ஒன்றுக்கு 4 லிட்டர் என்றால் 7,200 லிட்டர் தண்ணீர். பதினைந்து லிட்டர் குடத்தால் அளந்தால் 480 குடம். அதுவும் ஒரே ஒரு கப்பலுக்கு. அரிசி வேறு ஒரு டன்.

நான் ரயில்வேயில் குமாஸ்தா. தூரப் பிரயாண ரயில்களுக்கு வழியில் எந்த ஸ்டேஷனில் தண்ணீர் பிடிப்பது என்பது முன்கூட்டியே தீர்மானமாக வேண்டிய விஷயம். அது தவறினால் அடுத்த நூறு மைலுக்கும் பயணிகளின் வசவு நிச்சயம். கடலில் வசவோடு போகாது. உயிர் போய்விடும்.

"கல்வெட்டில் நக்கவாரத்தின் பெயர் ஏன் வருகிறது என்று இந்தக் கணக்குப் போட்ட பிறகுதான் யோசித்தேன் சார்" என்றார் கன்னட வாலிபர். "நடுக்கடலில் தண்ணீர் பிடிக்கும் ஸ்டேஷன் அது!"

அது அவருடைய ஊகம்தான். ஆனால் எத்தனையோ முறை மேடையில் கேட்டுக் கைதட்டிய அந்த ஊர் வரிசை, இப்போது எனக்கு ஒரு பிரயாண வழித்தடம் போலத் தெரிந்தது.

காற்றும் அப்படித்தான். கச்சான், சோழகம், வாடை, கொண்டல் என்று நம் கரையோர மக்கள் காற்றுக்குப் பெயர் வைத்தது கவிதைக்காக அல்ல. தென்மேற்குப் பருவக்காற்று கப்பலைக் கிழக்கே தள்ளும். வடகிழக்குப் பருவக்காற்று வீடு திரும்ப உதவும். போன காற்றில் திரும்ப முடியாது. காத்திருக்க வேண்டும். காத்திருக்கும் மாதங்களில் சோறு யார் போடுவது? இப்படி ஒவ்வொன்றாகக் கேள்வி கிளம்புகிறது.

ஜெராய் மலைக்கு எதிரே

இனி போருக்கு வருவோம்.

நக்கவாரத்தில் தண்ணீர் பிடிக்கப் போன சோழர் படைக்குப் பகடை சதி செய்துவிட்டது. காற்று விழுந்து, ஒரு வாரம் தாமதம். தண்ணீர் குறைந்ததால் துடுப்புப் போடுகிறவர்களுக்குப் பாதி பலம்தான் என்பது விதி. அந்த நிலையில் 24 கப்பல்களும் கெடாக் கரையை நெருங்கின.

அங்கே ஜெராய் என்று ஒரு மலை இருக்கிறது. உயரம் 1,217 மீட்டர். கடலில் வருகிறவனுக்கு வெகு தூரத்திலிருந்தே அது அடையாளம். மலையடிவாரத்தில் உள்ள பூஜாங் பள்ளத்தாக்கில் பழைய கோவில்களின் அடித்தளங்கள் அகழ்ந்து எடுக்கப்பட்டிருக்கின்றன. மேஜையில் அந்த மலை ஒரு கவிழ்த்த ஆழாக்கு.

மலையைப் பார்த்ததும் சோழ தளபதி நேரே கரையை நோக்கிப் போகும்படி சீட்டில் எழுதினார். ஸ்ரீவிஜய தளபதியோ ஆறு கப்பல்களை மட்டும் வெளியே காட்டிவிட்டு, பத்தை ஆற்று முகத்தில் ஒளித்து வைத்திருந்தார். விடியற்காலை நீர் வடியும் நேரம். ஆற்றின் ஓட்டமும் வடிநீரும் சேர்ந்து அந்தப் பத்தையும் அம்பு போல வெளியே தள்ளின.

சீட்டைப் பிரித்த நடுவர் ஒரு நிமிஷம் பேசவில்லை. பிறகு பகடையை நீட்டினார்.

மூன்று சுற்று. சோழர் கப்பல் ஒன்பது போயிற்று. ஒன்பதாவது கப்பல் புலிக்கொடி ஒட்டிய தலைமைக் கப்பல்.

"மறுபடி உருட்டுங்கள்!"

அதுவரை ஓரமாக நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக் கொண்டிருந்த ஒரு பெரியவர் எழுந்துவிட்டார். பக்கத்து வீட்டுக்காரர். எச்.ஏ.எல்.லில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்.

"என்னப்பா இது? ராஜேந்திர சோழன் தோற்றான் என்று எங்கேயாவது உண்டா? ஊர் விட்டு ஊர் வந்து பிழைக்கிற நமக்குப் பெருமையாகச் சொல்லிக்கொள்ள இருப்பதே இதுபோல நாலு விஷயம்தான். அதையும் பகடையில் உருட்டித் தொலைக்கிறீர்களா? மறுபடி உருட்டுங்கள்!"

மாடியில் அமைதி. சோழனாக உட்கார்ந்த கன்னட வாலிபருக்கு முகம் சுண்டிவிட்டது. தான் தோற்றதால்தான் இந்தப் பேச்சோ என்று அவர் நினைத்திருக்கலாம்.

அப்போது தமிழ் வாலிபர், "வேண்டுமானால் இந்த ஒரு தடவை உருட்டட்டும். எனக்கு ஆட்சேபம் இல்லை" என்றார். ஜெயித்தவரே விட்டுக்கொடுக்கிறார். ஆனால் நடுவர் பெண் தலையை அசைக்கவில்லை.

"அங்கிள், உட்காருங்கள். ஒரு கதை சொல்கிறேன்" என்று ஆரம்பித்தார்.

1942-ம் ஆண்டு மே மாதம். ஜப்பானியக் கடற்படை, மிட்வே தீவைத் தாக்கும் திட்டத்தை 'யமாட்டோ' என்ற பெரும் போர்க்கப்பலில் வைத்து மேஜையில் ஆடிப் பார்த்தது. அமெரிக்க விமானங்கள் குண்டு போடும் கட்டம் வந்தது. பகடை உருண்டது. ஒன்பது குண்டு பட்டதாகவும், 'அகாகி', 'ககா' என்ற இரண்டு விமானந்தாங்கிக் கப்பல்களும் மூழ்கியதாகவும் தீர்ப்பாயிற்று. நடுவராக இருந்த அட்மிரல் உகாகி அதை ஏற்கவில்லை. ஒன்பது அல்ல, மூன்று என்று திருத்தினார். அகாகி பிழைத்தது. மூழ்கிய ககாவும் அடுத்த கட்டத்தில் உயிர் பெற்று வந்து ஆட்டத்தில் கலந்துகொண்டது! போருக்குப் பின் ஜப்பானியக் கடற்படை அதிகாரிகளே எழுதிய நூலில் இது வருகிறது.

ஜூன் முதல் வாரத்தில் நிஜப் போர் நடந்தது. அகாகி, ககா, சோர்யு, ஹிர்யு என நான்கு விமானந்தாங்கிக் கப்பல்களும் கடலுக்கு அடியில் போயின. அங்கே திருத்தி எழுத யாரும் இல்லை.

"அதே வருஷம் இங்கிலாந்தில் நேர்மாறாக நடந்தது அங்கிள்" என்று தொடர்ந்தார் அந்தப் பெண். லிவர்பூலில் கேப்டன் கில்பர்ட் ராபர்ட்ஸ் என்பவர், தரையையே கடலாக்கிச் சாக்குக் கட்டியால் கோடு போட்டு, ஜெர்மன் நீர்மூழ்கிகளின் தந்திரத்தை ஆடிப் பார்த்தார். அவருக்கு உதவியாக இருந்தவர்கள் பெரும்பாலும் இருபது வயதுப் பெண்கள். நீர்மூழ்கிகள் வெளியே நின்று சுடவில்லை, இரவில் சரக்குக் கப்பல்களின் வரிசைக்குள்ளேயே புகுந்து சுடுகின்றன என்பதை அந்தத் தரையில்தான் கண்டுபிடித்தார்கள். அட்மிரல் மாக்ஸ் ஹார்ட்டன், தாமே ஒரு காலத்தில் நீர்மூழ்கித் தளபதி. அவர் எதிரியின் இடத்தில் உட்கார்ந்து ஆடி, ஓர் இளம்பெண்ணிடம் தோற்றார். தோல்வியை அவர் அழிக்கச் சொல்லவில்லை. ஆயிரக்கணக்கான அதிகாரிகள் அந்தத் தரையில் பயிற்சி பெற்றுப் போனார்கள்.

"இப்போது சொல்லுங்கள். நாம் உகாகியா, ஹார்ட்டனா?"

பெரியவர் பதில் சொல்லவில்லை. ஆனால் உட்கார்ந்தார்.

எதிரி நாற்காலி

கலகம் அடங்கியதும் ஸ்ரீவிஜய வாலிபரிடம் பேச்சுக் கொடுத்தேன். ஒன்பது வாரம் எதிரியாக இருந்ததில் என்ன கண்டார்?

"சார், இந்தச் சண்டைக்கு முன்னால் அவர்கள் நமக்கு சிநேகிதர்கள். அது எனக்குத் தெரியவே தெரியாது" என்றார்.

உண்மைதான். ராஜராஜன் காலத்தில், 1006-ம் ஆண்டு வாக்கில், ஸ்ரீவிஜய மன்னர் நாகப்பட்டினத்தில் தம் தந்தை பெயரால் சூடாமணி விகாரம் என்ற புத்தப் பள்ளியைக் கட்டினார். அதற்கு ராஜராஜன் ஆனைமங்கலம் என்ற ஊரையே மானியமாகக் கொடுத்தான். அந்தச் செப்பேடுகள் நெதர்லாந்தின் லெய்டன் நகருக்குப் போனதால் லெய்டன் செப்பேடுகள் என்றே பெயர் பெற்றன.

பிறகு ஏன் இருபது வருஷத்துக்குள் போர்? சீனத்துக்குப் போகும் கடல் வழியில் ஸ்ரீவிஜயம் நம் வணிகர்களுக்கு இடையூறு செய்திருக்கலாம் என்பது ஒரு கருத்து. திக்விஜய ஆசை என்பது இன்னொரு கருத்து. மேஜையில் ஸ்ரீவிஜயத்தின் இடத்தில் உட்கார்ந்து பார்த்தால், மலாக்கா ஜலசந்தியில் வசூலாகும் சுங்கம்தான் அந்த நாட்டின் சோறு என்பது புரிகிறது.

போருக்குப் பின்? 1088-ல் சுமத்ராவின் பாரூஸ் துறையில் தமிழ் வணிகர்களான ஐநூற்றுவர் தமிழிலேயே கல்வெட்டு வைத்திருக்கிறார்கள். 1090-ல் கடாரத்து அரசன் தூதர் அனுப்பிக் கேட்டுக்கொண்டபடி, குலோத்துங்க சோழன் நாகப்பட்டினத்துப் பள்ளிகளுக்கு வரிச் சலுகை கொடுத்தான். போர் ஒரு பருவக்காற்றில் முடிந்தது. வியாபாரமும் உறவும் அதைத் தாண்டி நிலைத்தன.

கோவில் சுவரில்

சாயங்காலம் எல்லோரும் சேர்ந்து சொக்கநாதசாமி கோவிலுக்குப் போனோம். மதுரைச் சொக்கநாதர் சிவன். இங்கே இருப்பவரோ ஸ்ரீதேவி, பூதேவியோடு நிற்கும் பெருமாள். கல்வெட்டில் சொக்கப்பெருமாள்.

கோவிலில் தமிழ்க் கல்வெட்டுகள் உண்டு. லூயிஸ் ரைஸ் இவற்றைப் படித்து 1905-ல் அச்சிட்டார். ஊருக்கு அவற்றில் தொம்பலூர் என்றும், தேசிமாணிக்கப்பட்டணம் என்றும் பெயர். 'தேசி' என்றால் தூர தேசங்களுக்குப் போய் வரும் வணிகர். கடலே பார்க்காத இந்தத் தொம்மலூருக்குப் பட்டணம் என்று பெயர்!

கல்வெட்டில் வரும் அரசர்களில் ஒருவன் போசள வீர ராமநாதன். ஹொய்சளர் கன்னட அரசர்கள். ராமநாதன் திருச்சிக்கு அருகே கண்ணனூரிலிருந்து ஆண்டவன். அவன் காலத்துத் தமிழ் எழுத்து, இன்றைய பெங்களூருக்கு நடுவில், இந்தக் கல்லில் நிற்கிறது.

கன்னட வாலிபர் எழுத்துகளின் மேல் விரலை ஓட்டினார். "எங்க ராஜா, உங்க எழுத்து" என்றார். பெரியவர், "இரண்டும் இந்த ஊரில்தான் இருக்கிறது தம்பி" என்று திருத்தினார்.

வெளியே வந்ததும் பெரியவர் நடுவர் பெண்ணை ஓரமாகக் கூப்பிட்டார். மறுபடியும் கலகமோ என்று எனக்குப் பயம். அப்படி இல்லை.

"அம்மா, மீதி 15 கப்பல் இருக்கிறதே, அதற்கு எத்தனை நாள் தண்ணீர் பாக்கி?"

"ஐந்து நாளுக்கு அங்கிள்."

"நக்கவாரம் எவ்வளவு தூரம்?"

"எழுநூறு கிலோமீட்டர் அளவு."

பெரியவர் மனக்கணக்குப் போட்டார். "நாளைக்கு 130 என்றால் ஐந்து நாளில் 650தான். எட்டாது. ஆள் ஒன்றுக்கு மூன்று லிட்டராகக் குறைக்கச் சொல்லு. அடுத்த ஞாயிறு நானும் வருகிறேன்."

மூழ்கிய ஒன்பது தீப்பெட்டிக் கப்பல்களும் அந்த வீட்டில் ஒரு பிஸ்கட் டப்பாவில் கிடக்கின்றன. அவற்றை மறுபடி மேஜையில் வைக்கும்படி அவர் கேட்கவில்லை.